என் மகள் அனுப்பிய ஓட்டை அறிக்கை

1

போன கார்த்திகையில் என் மகள் கயல் எனக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். இதே லைப்சிக் நகரத்தில் நாலு நிறுத்தம் தள்ளிக் குடியிருப்பவள், ஒரு எட்டு வீட்டுக்கு வந்து வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் அலுவலகத்துக்கு நாள்தோறும் வருகிற புகார்க் கடிதங்களின் அதே அச்சில், தலைப்பு, தீவிரம், கெடு எல்லாம் போட்டு அனுப்பியிருந்தாள். புத்திசாலிப் பிள்ளை பெற்றவனுக்கு எதிரி தனியாக வேண்டுமா?

என் வேலையை ஊருக்குப் புரியவைக்க இருபது வருடமாக முயன்று தோற்றுவிட்டேன். குத்தாலத்தில் இருக்கும் என் அக்காவைப் பொறுத்தவரை நான் "கம்ப்யூட்டருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன்". யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் தப்பில்லை. கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்குள் லைப்ரரி என்று சில பொது நிரல்கள் இருக்கின்றன. தேதி பார்ப்பது, எழுத்தை எண்ணுவது, கோப்பைத் திறப்பது போன்ற சில்லறை வேலைகளை ஒவ்வொரு மென்பொருளும் தானே செய்வதில்லை. அதை லைப்ரரியிடம் விட்டுவிடும். தெருவுக்கே ஒரு மாவு மில் இருப்பது மாதிரிதான். மில்லில் கல் உடைந்தால் அத்தனை வீட்டு இட்லியிலும் மணல் கடிக்கும். அந்த உடைப்பைத் திருடன் பார்ப்பதற்கு முன் அடைப்பது என் வேலை. அடைப்புக்குப் பெயர் பேட்ச்.

இந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஓட்டையைக் கண்டுபிடித்தவர் ஊரைக் கூட்டமாட்டார். சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் ரகசியமாக எழுதுவார்: இங்கே ஓட்டை, இப்படி நுழையலாம், இத்தனை நாள் தருகிறேன், அதற்குள் அடைக்காவிட்டால் ஊருக்கே சொல்லிவிடுவேன். எங்கள் டெல்டாவில் இதற்கு நேர்மாறு. வாய்க்கால் கரை உடைந்தால் முதலில் பார்த்தவன் தொண்டை கிழியக் கத்தவேண்டும். கத்தாமல் வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகக் கடிதம் எழுதினான் என்றால், அவனையே உடைப்பில் வைத்து அடைத்துவிடுவார்கள்.

கயலுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கடிதம் ஜெர்மனில் இருந்தது. தமிழில் தருகிறேன்.

"பொருள்: அப்பாவிடம் காணப்படும் பொய். பாதிப்பு: மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமை போன்கள் அனைத்தும். தீவிரம்: மிக அதிகம். நிகழ்த்திக் காட்டும் முறை: ஞாயிறு மாலை அத்தை போன் செய்ய வேண்டும், கயல் என்ன செய்கிறாள் என்று கேட்க வேண்டும், அப்பா 'ஆராய்ச்சி பண்றா' என்பார். ஒவ்வொரு முறையும் நிகழ்கிறது. கெடு: வழக்கமாகத் தொண்ணூறு நாள். பொய் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதால் பதினான்கு நாள். அதற்குள் சரிசெய்யாவிட்டால் நானே அத்தையிடம் சொல்வேன். கார்த்தி கல்யாணத்துக்கும் வரமாட்டேன்."

கூடவே ஒரு படம் இணைத்திருந்தாள். அக்கா மகன் கார்த்தியின் கல்யாணப் பத்திரிகை, இன்னும் அச்சாகாத மாதிரிப் படி. பெயர் சரியாக இருக்கிறதா பார் என்று அக்கா அவளுக்கே அனுப்பியிருக்கிறாள். "தங்கள் நல்வரவை நாடும்" என்பதற்குக் கீழே, எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆளாளுக்குப் படித்த படிப்பெல்லாம் வால் மாதிரி தொங்க, நடுவில் மின்னியது: முனைவர் செல்வி S. கயல், ஜெர்மனி.

என் மகள் ட்ராம் ஓட்டுகிறாள்.

2

ட்ராம் என்றால் நடுரோட்டிலேயே தண்டவாளம் போட்டு ஓடுகிற மின்சார வண்டி. கயல் வேதியியலில் டாக்டர் பட்டத்துக்கு மூன்று வருடம் ஆராய்ச்சி செய்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாயை நகர்த்துகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, நான் விட்டுட்டேன். ட்ராம் ஓட்டப் பழகப்போறேன்."

"எதை விட்டுட்ட? எதுக்குப் பழகப்போற?"

"மூணு வருஷமா நான் எழுதினதை நாலு பேர் படிச்சாங்க. அதுல ஒருத்தர் நீங்க. உங்களுக்கும் புரியலை."

என் மனைவி வசந்தி ஒரு வாரம் அழுதாள். பயிற்சி தொடங்கியதும் ஒருநாள் மகள் ஓட்டிய பயிற்சி வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, "என்னமா ஓட்டறா தெரியுமா, குலுங்கவே இல்லை" என்றாள். கட்சி மாறிவிட்டாள். நான் மட்டும் எதிர்க்கட்சியில் தனியாக நின்றேன். கயல் ஓட்டும் தடம் நாலாம் எண். என் அலுவலகத்துக்கு அதுதான் நேர்வழி. நான் பதினொன்றில் ஏறி, இறங்கி, மழையில் எட்டு நிமிடம் நடந்து போனேன். கேட்டால் உடற்பயிற்சி.

இதில் இன்னொரு கூத்து. இங்கே எந்தப் படிவத்தை நிரப்பினாலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது அது? அவள் பிறந்தபோது அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஒரு அதிகாரி அடம்பிடித்தார். அப்போது எனக்கு இருந்த ஜெர்மனில் சண்டை போட முடியாது. "சரி" என்ற ஒரு சொல்தான் பிழையில்லாமல் வரும். சரி என்றேன். என் பெயரே அவள் குடும்பப் பெயர் ஆயிற்று. இன்றைக்கு அவள் பணிமனையில் எல்லாரும் அவளை "ஃப்ராவ் சேகர்" என்று கூப்பிடுகிறார்கள். நம் ஊர்க் கணக்குக்குச் சேகரம்மா. நான் மறைக்க நினைத்த வேலையை அவள் என் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு செய்துகொண்டிருந்தாள்.

பொய் எப்படி வந்தது என்று கேட்டால், சத்தியமாக நான் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போல, "கயலு என்னடா பண்ணுது?" என்றாள். பழக்க தோஷத்தில் "ஆராய்ச்சி பண்றாக்கா" என்று வந்துவிட்டது. அடுத்த வாரம் மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அக்கா வீட்டில் யாரோ விருந்தாளி. அப்புறம் தீபாவளி. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு? இப்படியே மூன்று வருடம் ஓடிப்போனது.

3

அக்காவின் கணவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அத்தான் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மயிலாடுதுறையிலிருந்து குத்தாலம் வழியாகக் கும்பகோணம் போகும் தடம். நான் கும்பகோணத்தில் கல்லூரி படித்த நாலு வருடமும் அவர் வண்டியில்தான் போனேன். காலையில் எழுந்திருக்கமாட்டேன். குத்தாலம் நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, நான் வேட்டியோடு ஓடிவந்து ஏறுகிறவரை ஆரன் அடிப்பார். பயணிகள் திட்டுவார்கள். "வருங்காலக் கலெக்டருய்யா, செத்த பொறுங்க" என்பார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்து பேன்ட் மாட்டிக்கொண்டவன் நான்.

கெடு தொடங்கி நாலு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் தற்காலிகத் தடுப்பு ஒன்று போட்டேன். தொழிலில் இதுவும் உண்டு. ஓட்டையை அடைக்க நேரமில்லை என்றால் அதன்முன் ஒரு பலகையைச் சாய்த்து வைப்போம். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பத்திரிகையில முனைவர்னு போட்டிருக்கியே, அது வேண்டாம். இன்னும் முடிக்கலை."

"அட, ஆமால்ல. தப்பாப் போயிடும்." அக்கா நியாயமானவள். "மாத்திடறேன்."

எனக்கு நிம்மதியில் தூக்கமே வந்தது. மறுநாள் திருத்திய படி கயலுக்குப் போனது. அவள் அதை எனக்கு அனுப்பினாள். இப்போது இப்படி இருந்தது: செல்வி S. கயல், முனைவர் பட்ட ஆய்வாளர் (வேதியியல்), ஜெர்மனி. முன்பு ஒற்றை வரியில் இருந்தது இப்போது ஒன்றரை வரி.

கீழே கயல் எழுதியிருந்தாள்: "பேட்ச் தோல்வி. ஓட்டை பெரிதாகிவிட்டது. மீதம் எட்டு நாள்."

4

அதே வாரம் அலுவலகத்தில் ஒரு நிஜ ஓட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பழைய லைப்ரரி, கொடுத்த இடத்துக்குமேல் நீளமாக எதை அனுப்பினாலும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. அளவைப் பார்த்து, மீறினால் வாங்காதே என்று நாலு வரி எழுதினால் போதும். எழுதிவிட்டேன். சோதித்துப் பார்த்தால் ஐந்தாறு மென்பொருள்கள் நின்றுபோயின. அத்தனையும் இத்தனை நாள் அளவுமீறி அனுப்பி, லைப்ரரியின் தாராளத்தில் பிழைத்துக்கொண்டிருந்தவை.

என் மேலாளர் யானா என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வந்த நாளிலிருந்து "என்னை நீ என்றே கூப்பிடு" என்கிறாள். எனக்கு நாக்கு வளையவில்லை. நான் நீங்கள் என்பதும் அவள் முகத்தைச் சுளிப்பதுமாகவே வண்டி ஓடுகிறது. அவள் என் நாலு வரியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடைக்கிறது சுலபம். இந்த ஓட்டையை நம்பிக் குடித்தனம் நடத்துகிறவர்கள் யார் யார் என்று பட்டியல் எடு. ஒவ்வொருவருக்கும் நீயே முன்கூட்டிச் சொல்லு. சொல்லாமல் அடைத்தால் அவர்கள் வீடு விழும்."

அன்று மதியம் நான் இரண்டு பட்டியல் எழுதினேன். ஒன்று அலுவலகத்துக்கு. இன்னொன்றில் அக்கா, கார்த்தியின் பெண் வீட்டார், வசந்தியின் தங்கை, கீழத்தெரு மளிகைக்கடை ஜமால் பாய் என்று ஆட்கள் வரிசையாக வந்தார்கள். ஜமால் பாய் என் கூடப் படித்தவர். "கயல் பாப்பா ஆராய்ச்சி பண்ணுதுன்னா என் பொண்ணு மட்டும் பண்ணக்கூடாதா" என்று தன் மகளைத் திருச்சிக்கு அனுப்பியிருந்தார். என் ஒரு வாய்ப் பொய்யை நம்பி ஒரு பெண் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அவரிடமிருந்தே தொடங்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜமால் பாய் சிரித்தார்.

"இதுக்கா இப்படி மூச்சு வாங்குற? என் பொண்ணு அடுத்த வருஷம் முடிக்கப்போவுது சேகரு. பொய்யை நம்பி நட்டாலும் நாத்து நாத்துதானே."

அந்தத் தெம்பில் அக்காவைக் கூப்பிட்டேன். முழுதாகச் சொன்னேன். அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது நாளாக வயலில் தண்ணீர் வடியவில்லை என்ற கவலையில் இருந்தவள், என் கதையைக் கேட்டதும் சம்பா பயிரையே மறந்துவிட்டாள்.

"அடப்பாவி! மூணு வருஷமாடா? ஏன்டா, நான் என்ன மூணாம் மனுஷியா? தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேனேடா! ஊசி போடுற டாக்டரா, வேற டாக்டரான்னு கேட்டவங்களுக்கெல்லாம் உட்கார வச்சு விளக்கியிருக்கேன்டா!"

திட்டட்டும் என்று வாங்கிக்கொண்டேன். அக்காவின் கோபம் கோடை மழை. வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் போன் ஒலிபெருக்கியில் இருந்திருக்கிறது. பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. சத்தமில்லாத குரல்.

"புள்ள ட்ராம்தானே ஓட்டுது? டிரைவருன்னு சொல்ல உனக்கு வெட்கமா இருந்துச்சா மாப்ள?"

நான் அவசரமாகச் சொன்னேன்: "அய்யோ, அப்படியெல்லாம் இல்லை அத்தான். சும்மா... சொல்ல நேரம் அமையலை."

"சரி" என்றார். அவ்வளவுதான். செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போகும் ஓசை கேட்டது.

நான் யாரிடம் எதை மறைத்தேன் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. வயலிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு படியாக ஏறிவந்த குடும்பத்தில் என் மகள் ஒரு படி இறங்கிவிட்டாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன். அந்தப் படியில் நின்றுகொண்டிருந்தவர் அத்தான். அவரைக் கேட்டுக்கொண்டா போட்டேன்?

அன்று மாலை கயல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோசை தின்றபடி சொன்னாள்: "அறிக்கையில இருந்தது சரியாயிடுச்சு. கல்யாணத்துக்கு வர்றேன். ஆனா அப்பா, மாமா கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை."

"சொன்னேனே."

"அத்தை எனக்குச் சொன்னாங்க. நீங்க சொன்னது பதில் இல்லை. அது அடுத்த பொய்."

5

கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் பத்திரிகை அச்சாகி வந்தது. அக்கா இரண்டாம் படியைத் திருத்த மறந்திருப்பாளோ என்று பயந்தேன். அத்தானே குடையைப் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போயிருக்கிறார். பி.இ.க்களுக்கும் எம்.எஸ்ஸி.க்களுக்கும் நடுவில் இப்படிப் போடவைத்திருந்தார்: செல்வி S. கயல், ட்ராம் ஓட்டுநர், ஜெர்மனி. மற்ற எழுத்தெல்லாம் சாதாரணம். இது மட்டும் தடித்த எழுத்து.

என் பெயருக்குக் கீழே என்ன வேலை என்று ஒன்றுமே இல்லை. பஞ்சர் ஒட்டுபவன் என்றாவது போட்டிருக்கலாம்.

6

தை மாதம் போனோம். கதிர் முற்றி அறுவடை தொடங்கியிருந்த நேரம். வீட்டு வாசலில் அத்தான் எங்களை வரவேற்றார். கயலைப் பார்த்ததும் "வா டிரைவரே" என்று தோளைத் தட்டினார். என்னைப் பார்த்து, "வாங்க தம்பி. பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா?" என்றார். எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். துண்டால் தூசி வேறு தட்டிவிட்டார்.

எங்கள் வீடுகளில் ஒருவனைத் தண்டிக்க வேண்டுமென்றால் திட்டமாட்டார்கள். உபசரிப்பார்கள். கல்யாண வீட்டில் சொந்தக்காரன் என்றால் வாழைத்தார் சுமக்கவேண்டும், பந்தல்காரனிடம் சண்டை போடவேண்டும், கத்திக் கத்தித் தொண்டை கட்டவேண்டும். நான் தாய்மாமன். எதைத் தொட்டாலும் அத்தான், "நீங்க உட்காருங்க தம்பி, ஆள் இருக்கு" என்றார். இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தேன். வசந்திக்குச் சிரிப்பு. "என்னங்க, கெஸ்ட்டா வந்துருக்கீங்களாமே?"

கயல் பக்கம் வேறு மாதிரி இருந்தது. அத்தானோடு வேலை பார்த்த பழைய ஓட்டுநர்கள் ஏழெட்டுப் பேர் மண்டபத்தில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏம்மா, கியர் உண்டா?"

"இல்லைங்க மாமா. ஸ்டீயரிங்கும் இல்லை."

"ஸ்டீயரிங்கே இல்லையா! அப்ப எப்படித் திருப்புவ?"

"தண்டவாளம் திருப்பிக்கும்."

"அப்ப நீ என்னதாம்மா பண்ற?"

"நிறுத்துவேன். குறுக்க யாராவது வந்தா ஒதுங்க முடியாதுல்ல, மாமா. முன்னாடியே பார்த்து நிறுத்தணும்."

அத்தான் தொடையில் அடித்துக்கொண்டார். "கேட்டுக்குங்கய்யா! ஓட்டறது எவனும் ஓட்டுவான். நிறுத்தறவன்தான் டிரைவரு!" அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பெருமை முறைப்படி என்னுடையது. மூன்று வருடமாக நான்தான் வேண்டாம் என்று வைத்திருந்தேன்.

தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியது. முதல் பந்தியிலேயே என்னைப் பெரிய மனுஷர்களோடு உட்காரவைத்துப் பரிமாறினார்கள். ஒரு வாய் இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனேன். அத்தான் தோளில் துண்டோடு அண்டாக்களுக்கு நடுவில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, எதாவது வேணுமா?"

"அத்தான், அன்னைக்குப் போன்ல ஒண்ணு கேட்டீங்க."

அவர் ஆட்களை விரட்டுவதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆமா அத்தான். வெட்கமாத்தான் இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் எவ்வளவு கனமாக இருந்தது என்று தெரிந்தது. புகையா, என்னவோ, கண் எரிந்தது. அத்தான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பவும் இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. கொறைஞ்சுக்கிட்டு வருது."

அவர் அண்டாவைப் பார்த்தபடி பேசினார். "நீ பட்டம் வாங்குன அன்னைக்கு உங்க அக்கா, அம்மா எல்லாரும் காலேஜுக்கு வந்தாங்க. நான் டூட்டின்னு சொன்னேன்ல? எனக்கு அன்னைக்கு லீவு. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தேன். டிரைவர் அத்தான்னு உன் கூட்டாளிங்க எவனும் உன்னை எளக்காரமாப் பேசிடுவானோன்னு எதிர்த்தாப்ல டீக்கடையிலயே உட்கார்ந்துட்டேன். அப்ப யாரு வெட்கப்பட்டா?"

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மனிதர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

"என்ன வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற?" என்றார் அத்தான். "பந்தி பாதி தாண்டியாச்சு, ரசம் போவலை. வாளிய எடு."

எடுத்தேன். பந்திக்குள் நுழைந்தால் இலையும் தெரியவில்லை, சோறும் தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக இருந்தது. முதல் இலையிலேயே ரசத்தைச் சோற்றில் விடாமல் அப்பளத்தின் மேல் விட்டேன். இலைக்காரர் பதறி எழுந்தார். பக்கத்திலிருந்தவர், "விடுங்க, அவரு ஜெர்மனிக்காரரு, பழக்கமிருக்காது" என்றார்.

சமையல்கட்டு வாசலிலிருந்து அத்தானின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஜெர்மனிக்காரனாவது! என் மச்சினன்யா அவன். அவனுக்கு எப்பவுமே வேலை தெரியாது!"